பட்டியலில் ஏழாவது புத்தகம்

அந்த ஏழாவது புத்தகத்தைப் பட்டியலில் சேர்த்தது நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் நான் மற்றவர்கள் மேல் கோபப்படும்போது இது மறந்து போகக்கூடாது.

வட்டகொடையிலிருந்து பஸ்ஸில் அரை மணி நேரம் வந்தால், ஒரே தெருவாக நீளும் எங்கள் சிறிய நகரம் வரும். அதன் பொது நூலகத்துக்கு நான்தான் பொறுப்பு. மரக்கறிக் கடைக்கு மேல் மாடியில் இரண்டு அறைகள். மழை பெய்தால் ஈரக் கோவா இலையின் வாசனை படியேறி வந்து புத்தகங்களில் ஒட்டிக்கொள்ளும். இரண்டு வருடங்களுக்கு முன், வாசிப்பு மாதம் தொடங்க ஐந்து கிழமை இருக்கும்போது அதை நடத்தும் மாவட்டக் குழுவிடமிருந்து எனக்கு ஒரு கடிதம் வந்தது. பொருளாதார நெருக்கடியால் மக்களின் மனம் சோர்ந்து போயிருப்பதால், இந்த முறை நகைச்சுவைப் புத்தகங்களை முன்வைக்கப் போகிறோம், பல நூலகங்களுக்கும் பொதுவாகப் பத்துப் புத்தகங்கள் கொண்ட பரிந்துரைப் பட்டியல் ஒன்றை நீங்கள் தயாரிக்க வேண்டும் என்று எழுதியிருந்தார்கள்.

எனக்குச் சந்தோஷம். சிரிக்க வைக்கும் புத்தகம் கேட்டு வருகிறவர்களை நான் சும்மா அனுப்புவதில்லை என்று ஊரில் ஒரு பெயர் உண்டு. பக்கத்துப் பாமசியில் மருந்து எடுத்துக் கொடுக்கும் பெண், சாப்பாட்டு நேரத்தில் மேலே வந்து, அழுகிற கதை வேண்டாம், அழுவதற்குக் கீழேயே ஆள் இருக்கிறது என்பாள். அவளுக்குக் கொடுத்துக் கொடுத்துத்தான் எது சிரிப்பு வரும், எது அட்டையில் மட்டும் சிரிக்கும் என்று கற்றுக்கொண்டேன். ஒரு கிழமை உட்கார்ந்து பட்டியல் போட்டேன். மாப்பிள்ளை வீட்டார் தவறான மண்டபத்துக்குப் போய் வயிறாறச் சாப்பிட்டுவிட்டு வரும் கல்யாண நாவல் மூன்றாவது. ஓய்வு பெற்ற பிறகும் தினமும் கந்தோருக்குப் போய் மற்றவர்களைத் திருத்தும் கிளாக்கர் கதை ஐந்தாவது. ஏழாவதாக, நான் பதினாறு வயதில் வாசித்து வயிறு வலிக்கச் சிரித்த அந்தத் தொகுதி.

கொழும்பில் ஒரு வசதியான வீடு, அதன் ஐயா, அம்மா, அவர்களுக்கு மலைநாட்டிலிருந்து வந்த ஒரு வேலைக்காரப் பெண். அத்தனை கதையிலும் அவள் எதையாவது தப்பாக விளங்கிக்கொள்வாள். ஐயா ‘ஃபேனைப் போடு’ என்பார், அவள் மேசை விசிறியைத் தூக்கித் தரையில் போடுவாள். குளிர்சாதனப் பெட்டியின் கதவை மூடினால் உள்ளே விளக்கு அணைகிறதா என்று பார்க்கத் தானே உள்ளே போக முயல்வாள். ஒவ்வொரு பேச்சுக்கும் பின்னால் ‘ங்கோ’ என்று இழுப்பாள். பாடசாலை நூலகத்திலிருந்து அதை எடுத்துவந்து, தேயிலைத் தோட்டத்தில் எங்கள் லயத்து அறையில் அம்மாவுக்கும் அப்பாவுக்கும் சத்தமாக வாசித்துக் காட்டினேன். அப்பா இருமி இருமிச் சிரித்தார். அன்றைக்கு என் அக்கா கொழும்பில் ஒரு வீட்டில் வேலைக்காரியாக இருந்தாள்.

அப்போது எங்கள் மூன்று பேரில் ஒருவருக்கும் அது தோன்றவில்லை.

அக்கா போனபோது அவளுக்குப் பதின்மூன்று வயது. எனக்கு ஆறு. தோட்டத்தில் யாருக்கோ தெரிந்த யாரோ கேட்டார்கள், அனுப்பிவிட்டோம். கினிகத்தேனையில் பஸ் நின்றபோது கூட்டிப் போனவர் தனக்கு வடை வாங்கினார், அவளுக்கு வாங்கவில்லை. கொழும்பைப் பற்றி அவள் எங்களிடம் சொன்ன முதல் விஷயமும் அதிகம் சொன்ன விஷயமும் அதுதான். பதினெட்டு வருடம் இருந்தாள். திரும்பி வந்து கல்யாணம் செய்து, மலையில் கொழுந்து பறித்து, இப்போது முழங்கால் வலியோடு கீழ் லயத்தில் இருக்கிறாள். சனிக்கிழமைகளில் சாமான் வாங்க டவுனுக்கு வருவாள், என் நூலகத்துக்கு ஏறி வந்து ஒரு புத்தகம் எடுத்துப்போவாள். ஐந்தாம் வகுப்போடு நின்றவள். விரலை வைத்து மெதுவாக வாசிப்பாள், ஆனால் ஒரு எழுத்தையும் விடமாட்டாள்.

பட்டியலைப் பலகையில் ஒட்டியிருந்தேன். அக்கா அதைப் பார்த்துவிட்டு ஏழாவதைக் கேட்டாள். நான் எடுத்துக் கொடுத்தேன். நல்ல சிரிப்பு என்று வேறு சொன்னேன்.

இரண்டு கிழமை கழித்துக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். எப்படி என்று கேட்டேன்.

“சிரிப்பு வந்துச்சு. சிரிச்சேன்” என்றாள். பிறகு அட்டையைத் தடவிக்கொண்டே, “எல்லாம் எழுதியிருக்காரு. அந்த வீட்டு ஐயா எந்தக் கதிரையில இருந்து பேப்பர் பாப்பாருன்னு இருக்கு. அம்மா என்ன கலர் சீலை கட்டுவாங்கன்னு இருக்கு. அந்தப் புள்ள எங்க படுத்துச்சுன்னுதான் ஒரு எடத்துலயும் இல்ல” என்றாள்.

அவளே சொன்னாள். “நான் குசினியில படுத்தேன். காஸ் சிலிண்டர் பக்கத்துல. காலையில பாயைச் சுருட்டி வெச்சாத்தான் அடுப்புக்கிட்ட போக எடம் இருக்கும்.”

அப்புறம் வேறு புத்தகம் கேட்டாள். கிளாக்கர் கதையைக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு, கீழே தக்காளி விலை பார்க்க வேண்டும் என்று போய்விட்டாள்.

அவள் போன பிறகு அந்தத் தொகுதியை முதல் பக்கத்திலிருந்து வாசித்தேன். அக்கா சொன்னது உண்மை. நாய்க்குக்கூட அதில் பெயர் இருந்தது, படுக்க வராந்தாவில் ஒரு சாக்கு இருந்தது. அந்த வேலைக்காரப் பெண்ணுக்கு எதுவும் இல்லை. பதினாறு கதையிலும் அவள் சாப்பிடவே இல்லை. ஊருக்கு ஒரு தடவையும் போகவில்லை. ‘ங்கோ’ என்று எங்கள் தோட்டத்தில் யாரும் இழுப்பதில்லை என்பதும் அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்த எழுத்தாளர் மேல் வந்த கோபத்தைவிட என் மேல் வந்த கோபம்தான் பெரிது. இத்தனை வருடம் எத்தனை பேருக்கு இதைக் கையில் எடுத்துக் கொடுத்திருக்கிறேன். அவர்களில் எத்தனை வீட்டில் ஒரு அக்கா இருந்திருப்பாள்.

அடுத்த கிழமை நுவரெலியாவில் குழுக் கூட்டம். ஆறு பேர். தலைவர், ஓய்வு பெற்ற பெரிய அதிகாரி. நிறைய வாசித்தவர், அதை நான் மறுக்க மாட்டேன். ஏழாவதை எடுத்துவிட்டு வேறொன்று சேர்க்க வேண்டும் என்றேன். ஏன் என்று கேட்டார். சொன்னேன். அக்காவைப் பற்றிச் சொல்லவில்லை, வாசகர் ஒருவர் கேட்டதாகத்தான் சொன்னேன். அது என் கோழைத்தனம்.

பட்டியலிலேயே உண்மையான நகைச்சுவை உள்ள புத்தகம் அதுதான் என்றார் அவர். பையிலிருந்து எடுத்து, விசிறியைப் போடும் பக்கத்தை எல்லோருக்கும் வாசித்துக் காட்டினார். நன்றாகவே வாசித்தார். எல்லோரும் சிரித்தார்கள்.

“சிரிக்கிறதுக்காக எழுதினதைச் சிரிச்சிட்டு விடணும். நீங்க ஏன் அதுக்குள்ள உங்களைத் தேடுறீங்க?” என்று கேட்டார்.

அந்தப் பெண் எங்கே படுத்தாள் என்று எழுதப்படவில்லையே என்றேன். குடிசன மதிப்பீட்டுக்கா வந்திருக்கிறோம் என்றார் அவர். மறுபடி சிரிப்பு. என் வாயும் கோணிக்கொண்டு சிரித்தது. நான் சொல்லவில்லை, அதுவாகச் சிரித்தது. பெரியவர்கள் சிரித்தால் நாமும் சிரித்துவைக்க வேண்டும் என்று என் உதட்டுக்கு யார் பழக்கினார்கள் என்று தெரியவில்லை. தோட்டத் துரைமார் ஒவ்வொருவருக்கும், காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் நின்று எங்கள் ஆட்கள் சிரித்த சிரிப்பு அது. திரும்பி வரும் பஸ் முழுக்க என் முகத்தைப் பிய்த்து எறிய வேண்டும் போலிருந்தது. அவருக்குச் சொல்ல வேண்டிய பதில்கள் வரிசையாக வந்தன. ஒன்றைக் கேட்கவும் ஆள் இல்லை.

ஏழாவது புத்தகம் ஏழாவதாகவே அச்சானது. அதோடு நிற்கவில்லை. வாசிப்பு மாத நிறைவு விழா எங்கள் நகரத்து மண்டபத்தில் என்றும், அந்தத் தொகுதியிலிருந்து ஒரு காட்சியை மாணவர்கள் நடிப்பார்கள் என்றும் அறிவித்தார்கள். நிகழ்ச்சி ஒழுங்கு என் பொறுப்பு. பக்கத்துப் பாடசாலையின் நாடக ஆசிரியர், பாடசாலையில் இடம் இல்லாததால் ஒத்திகையை நூலகத்தின் பின்னறையில் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். முடியாது என்று சொல்ல எனக்கு அப்போதும் வாய் வரவில்லை.

அவரும் எங்களைப் போலத் தோட்டத்துக்காரர்தான். கெட்ட மனிதர் இல்லை. வேலைக்காரி பாத்திரத்துக்கு மேல் லயத்துப் பெண் ஒருத்தியைத் தேர்ந்தெடுத்திருந்தார். பதினைந்து வயது. கெட்டிக்காரி, குரல் அறைக்குள் அடங்காது. தோட்டத்துப் பிள்ளை என்பதால் அந்தப் பேச்சு இயல்பாக வரும் என்று என்னிடம் மகிழ்ச்சியாகச் சொன்னார்.

நான் முன்னறையில் புத்தகங்களுக்கு இலக்கம் ஒட்டிக்கொண்டிருந்தேன். கதவு திறந்திருந்தது. அந்தப் பெண் சொன்னாள்: “ஐயா, நீங்கதானே போடச் சொன்னீங்க, அதான் போட்டேன்.”

எவ்வளவு அழகாகச் சொன்னாள். பயமும் இருந்தது, கொஞ்சம் குறும்பும் இருந்தது. அந்த வசனத்தை அப்படிச் சொல்ல முடியும் என்று அதை எழுதினவருக்கே தெரிந்திருக்காது.

ஆசிரியர் நிறுத்தினார். அப்படி இல்லை, போடச் சொன்னீங்கோ, போட்டேனுங்கோ என்று இழுக்க வேண்டும் என்றார். அவள் முயன்றாள். வரவில்லை. இன்னும் கொச்சையாக என்றார். வாயைக் கொஞ்சம் திறந்தே வைத்திரு என்றார். தலையைச் சொறி என்றார்.

“சேர், எங்க வீட்டுப் பக்கம் யாரும் இப்படிப் பேச மாட்டாங்களே” என்றாள் அவள்.

கதையில் அப்படித்தான் இருக்கிறது என்றார் அவர்.

அவள் மறுபடி சொன்னாள். மறுபடி. நாலாவது தடவை சரியாக வந்துவிட்டது. வாயைத் திறந்து, தலையைச் சொறிந்து, தன் ஊரில் இல்லாத ஒரு பேச்சைத் தன் பேச்சாகப் பேசினாள். மற்றப் பிள்ளைகள் கை தட்டினார்கள்.

நான் எழுந்து உள்ளே போனேன். இந்த முறை என் முகம் சிரிக்கவில்லை. ஒத்திகை போதும், இந்தக் காட்சி விழாவில் நடக்காது என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது.

ஆசிரியர் திகைத்துப் போனார். பிள்ளைகளை வெளியே அனுப்பிவிட்டு, தாழ்ந்த குரலில் கேட்டார். “நானும் லயத்துல பொறந்தவன்தான் மிஸ். நம்மளப் பாத்து நாமளே சிரிச்சா என்ன தப்பு?”

“சிரிக்கலாம் சேர். ஆனா இத நாமளா எழுதுனோம்? அந்தப் புள்ளைக்கு அவ பேச்சையே நீங்க சொல்லிக் குடுக்க வேண்டியிருக்கு. அது எப்படி அவ பேச்சாகும்?”

அவர் முகம் சிவந்தது. நீங்கள் பட்டியலில் போட்ட புத்தகம்தானே என்றார். உண்மைதான். அதற்கும் சேர்த்துத்தான் கத்துகிறேன் என்றேன். கீழே மரக்கறிக் கடையில் பேரம் நின்றுவிட்டது, எல்லோரும் மேலே பார்த்தார்கள் என்று பாமசிப் பெண் பிறகு சொன்னாள்.

எனக்கு நன்றி சொல்லுவாள் என்று நான் நினைத்திருந்த அந்த மேல் லயத்துப் பெண், படிக்கட்டில் காத்திருந்தாள். கண்ணில் தண்ணீர், ஆனால் அழுகை இல்லை, ஆத்திரம்.

“எட்டு வருசமா எந்தக் கூட்டத்துலயும் என்னைய மேடையில ஏத்தல மிஸ். இப்பதான் ஏத்துனாங்க. நீங்க வந்து எறக்கிட்டீங்க.”

அவளுடைய அம்மா நாலு வருடமாகக் குவைத்தில் ஒரு வீட்டில் வேலை செய்கிறாள். அது எனக்குத் தெரியும். நாக்கு நுனிவரை வந்ததை விழுங்கிவிட்டேன். பதினாறு வயதில் என் அக்காவை நினைக்காத நான், பதினைந்து வயதுக்காரியிடம் அவள் அம்மாவை ஞாபகப்படுத்தி அவளைத் தலைகுனிய வைக்க எனக்கென்ன உரிமை? மேடையிலிருந்து இறக்கவில்லை, அந்த வசனத்தை மட்டும்தான் எடுத்தேன், பட்டியலிலிருந்து உனக்குப் பிடித்த எதையும் தேர்ந்தெடுத்து நீயே வாசி என்றேன். அவள் படியிறங்கிப் போனாள்.

அந்தச் சனிக்கிழமை அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லும்போதே எனக்கு ஒரு யோசனை வந்தது. அக்காவுக்குத் தெரிந்த கொழும்புக் கதைகள் எத்தனை. தலைவலி மாத்திரையைப் பூந்தொட்டியில் போட்டுவிட்டுச் செடி ஏன் வாடுகிறது என்று கேட்ட எஜமானி நோனா. கடன்காரர் வந்தால் அலுமாரிக்குள் புகுந்துகொண்டு, அக்காவிடம் தேத்தண்ணி கேட்ட ஐயா. அவளே மேடையேறி அதையெல்லாம் சொன்னால் என்ன?

அக்கா சீனிப் பையின் வாயை இறுக்கிக் கட்டினாள். “அங்க நான் பட்டது எனக்கு. சிரிச்சதும் எனக்கு. என்னைய மேடையில ஏத்தி நீ யாரையும் ஜெயிக்க வேணாம்” என்றாள்.

அவளுக்கும் கோபம் வரும் என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. இத்தனை நாள் அது யார் மேல் இருந்ததோ, அன்று என் மேல் இருந்தது. நான் மன்னிப்புக் கேட்டேன். அவள் சீனிப் பையைத் தூக்கிக்கொண்டு நடந்தாள்.

விழா அன்று மண்டபம் நிறைந்திருந்தது. அரைநாள் வேலை முடிந்து நேரே வந்தவர்கள் பின்வரிசையில் நின்றார்கள். காட்சி நடக்காது என்று முதல் நாளே தலைவருக்கு அறிவித்திருந்தேன், அவர் தொலைபேசியை வைத்துவிட்டார். மேடையில் பேசும்போது, இப்போதெல்லாம் சிரிக்கும் பழக்கத்தைச் சிலர் இழந்துவிட்டார்கள் என்றார். யாரைப் பார்த்துச் சொன்னார் என்று முன்வரிசைக்குத் தெரிந்தது.

பிறகு அந்தப் பெண் ஏறினாள். வருவாளா என்று எனக்குச் சந்தேகமாக இருந்தது. கையில் கல்யாண நாவல். தவறான மண்டபத்தில் மாப்பிள்ளை வீட்டார் சாப்பிடும் அத்தியாயத்தை வாசித்தாள். மூன்றாவது பாயசம் கேட்கும் பெரியப்பாவுக்கு ஒரு குரல், யார் இவர்கள் என்று கண்டுபிடிக்கத் தவிக்கும் சமையல்காரருக்கு ஒரு குரல். யாரும் அவளுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. எங்கே நிறுத்தினால் சிரிப்பு வரும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. பின்வரிசை அதிர்ந்தது. அக்கா சீலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கினாள். தலைவரும் சிரித்தார். நாடக ஆசிரியர் கண்ணைத் துடைத்தார். எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. எவ்வளவு நல்ல நடிகையைத் தலை சொறிய விட்டிருப்போம் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இறங்கி வந்து என்னைக் கடந்து போனாள். என்னைப் பார்க்கவில்லை.

பத்து நாளில் மேலிடத்திலிருந்து கடிதம் வந்தது. அங்கீகரிக்கப்பட்ட நிகழ்ச்சியை அனுமதியின்றி மாற்றியதற்கு விளக்கம் தர வேண்டும். நாலு பக்கம் எழுதினேன். எங்கள் ஆட்களை எழுத்தில் எப்படியெல்லாம் வைத்திருக்கிறார்கள் என்று எழுதினேன், கடை வாசலில் ‘தோட்டக்காட்டான்’ என்ற ஏச்சு காதில் விழுந்ததையெல்லாம் எழுதினேன். மறுநாள் வாசித்துப் பார்த்தபோது, இதை வாசிக்கிறவர் இதற்கும் சிரிப்பார் என்று தோன்றியது. கிழித்துவிட்டு மூன்று வரி அனுப்பினேன். புத்தகத்தைப் பரிந்துரைத்தது என் தவறு. காட்சியை நிறுத்தியது தவறல்ல. அதை மறுபடியும் செய்வேன்.

எச்சரிக்கைக் கடிதம் என் கோப்பில் சேர்ந்தது. அடுத்த வருடத்துப் பட்டியலை வேறொரு நூலகத்துக்குக் கொடுத்தார்கள். அதில் அந்தத் தொகுதி இரண்டாவது இடத்துக்கு ஏறியிருந்தது. பார்த்ததும் மறுபடி அதே கொதிப்பு. அது ஆறும் என்று இப்போது நான் எதிர்பார்ப்பதில்லை. என் நூலகத்தில் அந்தப் புத்தகம் இன்னும் அதன் இடத்தில்தான் இருக்கிறது. ஒளித்துவைக்கும் வேலை என் வேலை இல்லை. கேட்டால் கொடுப்பேன். நானாக எடுத்துக் கொடுக்க மாட்டேன்.

அக்கா ஒரு மாதம் வரவில்லை. பிறகு ஒரு சனிக்கிழமை கிளாக்கர் கதையைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, அந்த ஆளை வீட்டில் வைத்திருக்கும் பெண்சாதிதான் பாவம் என்றாள். கோபம் போய்விட்டதா என்று நான் கேட்கவில்லை.

அந்தப் பெண் வர ஐந்து மாதம் ஆனது. பரீட்சை எழுதிவிட்டு, வீட்டில் பொழுது போகவில்லை என்று படியேறினாள். என் மேசைக்கு வராமல் அலுமாரிகளுக்கு நடுவே தானே தேடி ஒன்றை எடுத்துப்போனாள். நாலாம் நாள் திருப்பிக் கொண்டுவந்து மேசையில் போட்டாள்.

“அட்டையில சிரிப்புன்னு போட்டிருக்கு மிஸ். எனக்கு ஒரு எடத்துலயும் வரல. வேற குடுங்க.”

எந்த இடத்தில் வரவில்லை என்று கேட்டேன். அவள் பக்கத்தைப் புரட்டிக் காட்டினாள். நான் ஒத்துக்கொள்ளவில்லை. அவளும் விடவில்லை. ஐந்து மணிக்குக் கதவைப் பூட்டும்வரை அந்த ஒரு பக்கத்துக்காகச் சண்டை போட்டோம்.